கூரை மட்டும் தெரிந்தது

காசெலுக்குப் பக்கத்தில்
லாரிகள் வரிசையாகத் தூங்கும் இடம்.
என் முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு டன் தரை ஓடு.
இன்னும் ஆறு மணி நேரம்
வண்டியை அசைக்கக் கூடாது, சட்டம்.

இரண்டு பத்துக்கு ஜிவிலே அழைத்தாள்.
லிதுவேனியாவில் அப்போது மூன்று பத்து.
"ஒரு கால்தான் வந்திருக்கு."
வேறு பேச்சில்லை.

குளம்பின் அடி எதைப் பார்க்கிறது, தரையையா வானத்தையா?
"தரையை."
அப்படியென்றால் முன்னங்கால்.
அப்படியென்றால் இன்னொன்று
முட்டி மடங்கி உள்ளேயே நிற்கிறது.

டாக்டர் ஆலிதூஸில் வேறொரு தொழுவத்தில்.
பனி உருகிய பாதையில் அவர் கார் வந்து சேர விடிந்துவிடும்.
எங்கள் ஊரில் பதினொரு வீடு.
ஏழில் பூட்டு: நார்வே, அயர்லாந்து, நார்வே, நார்வே…
அல்வீதாஸ் இருக்கிறான்,
இடுப்பு எலும்பு மாற்றி எட்டு நாள்.

போனைத் தீவனத் தொட்டி விளிம்பில் சாய்த்துவைத்தாள்.
யுவோதேயின் பின்புறம் தெரிந்தது, வால் ஒதுங்கி.
தோள்வரை சோப்பு பூசிய கை தெரிந்தது.
கை வெட்டிய என் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள்.
தலையீற்று. மாடு ஒரு சுற்றுச் சுற்றியது.
போன் வைக்கோலில் விழுந்தது.

அதன் பிறகு எனக்குக் கூரை மட்டும்.
ஒரு குண்டு பல்பு. நான் ஆணியடித்த ஒயர்.
போன வருஷமே மாற்றித் தருகிறேன் என்ற
விரிசல் விட்ட ஷீட்.

முக்கும்போது தள்ளாதே, விட்டபின் தள்ளு.
கன்றை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும்.
குளம்பை உள்ளங்கையில் மூடிக்கொள்,
கருப்பையைக் கிழித்துவிடும்,
மூடிக்கொண்டே வெளியே…
"வாயை மூடு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

எதை எண்ணினாளோ.

மூடினேன்.
பிறகு மாட்டின் குரல் வந்தது,
அதற்கு அடியில் அவள் குரலும்,
எது எது என்று பிரிக்க முடியாமல்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.
பக்கத்து லாரிக்காரன், செருப்பும் போர்வையுமாக.
நான் கத்தியிருக்க வேண்டும்.
உஸ்பெக், வண்டி போலந்துக் கம்பெனியுடையது.
திரையைப் பார்த்தான், பல்பைப் பார்த்தான்,
மறுபடி அந்தக் கதறல் வந்ததும்
முகம் மாறி
ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டான்.

ஒரு விரலைத் தூக்கினான், பிறகு இரண்டை.
எத்தனை கால்?
நான் ஒன்றைக் காட்டினேன்.
நாக்கைச் சப்புக்கொட்டினான்.
தன் மணிக்கட்டை மடக்கி, மெல்ல நிமிர்த்தி,
முன்னால் கொண்டுவந்து காட்டினான்.
தெரியும் என்று தலையாட்டினேன்.
தெரிந்து என்ன,
ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்.

"ரெண்டு!" என்றது வைக்கோல்.
இரண்டு விரலையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

கயிறு நனைந்து முறுகும் சத்தம்.
நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்,
அவன் தன் போர்வையை.
கீழ்நோக்கி இழு, கால் பக்கமாக இழு:
நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.
நழுவி விழும் ஈரமான கனம்.
பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாதது நீண்டது.
அவன் ஏதோ முணுமுணுத்தான், தொழுகையாக இருக்கலாம்.
நான் ஷீட்டின் விரிசலைப் பார்த்தேன்.
அதில் ஒரு சொட்டு திரண்டு திரண்டு
விழாமல் நின்றது.

தும்மல்.

வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டிருக்கிறாள்.
இன்னொரு தும்மல்.
"போதும்டி, எழுந்திரு, நக்கு" என்றாள்
மாட்டிடம்.

நெடுநேரம் கழித்துத் திரை ஆடியது.
நெற்றியில் ரத்தம், தலைமுடியில் சாணி.
"இன்னும் இருக்கியா?"
இருக்கிறேன் என்றேன்.
"காளை" என்றாள். சிரிக்கவில்லை.
காளைக்கன்று மூன்று வாரத்தில் லாரி ஏறும்,
இருவருக்கும் தெரியும்.
"யார் அது உன் பக்கத்துல?"
பெயர் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.
"சரி, இளங்கொடி விழணும். வைக்கிறேன்."

அவன் ஒரு பிடி உலர்ந்த ஆப்ரிகாட்டை
டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினான்.

காலையில் வண்டியின் பதிவுக் கருவி
அந்த நேரம் முழுவதையும்
ஓய்வு என்று எழுதியிருந்தது.