நவம்பரில் கம்பளி

டார்வினில் நவம்பர் என்பது
வானம் வாய்வரை கொண்டுவந்து
சொல்லாமல் விழுங்கும் மாதம்.
திரளும், உறுமும், கலையும்.
கொடியில் போட்ட துவாய் மூன்றாம் நாளும் ஈரம்.
காரணமில்லாமல் சண்டை பிடிப்பவர்களுக்கு
மாம்பழக் கிறுக்கு என்று இங்கே பெயர்.
காலை ஆறரைக்கே
சைக்கிள் பூட்டுக்கூட வேர்த்திருக்கும்.

அந்த மாதத்தில்தான் நான்
கம்பளி ஜேர்சி போட்டுக்கொண்டு
நைட்கிளிஃபிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மிதிக்கிறேன்.

"விசரே உனக்கு?" என்றார் தயாபரன்,
வெறும் மேலோடு
மின்விசிறிக்கு நேர்கீழே நின்று.
"செம்மறியே இந்த ஊருக்கு வராது.
அதின்ர சட்டையை நீ ஏன் போடுறாய்?"

நியாயமான கேள்வி.
பதில் ஒரு லிஃப்டில் தொடங்குகிறது.

போன வருஷம், புது பொலியெஸ்டர், கிளிப்பச்சை.
நொடியில் காயும் என்று அட்டையில் எழுதியிருந்தது.
காய்ந்தது.
காய்ந்த பிறகும் போகாதது வேறொன்று.
என்னோடு ஏறிய பெண்
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
அவ்வளவுதான், ஒரு சொல் இல்லை.
இரண்டாம் மாடியில் இறங்கிப் போனாள்.
அவள் அழுத்தியிருந்த ஐந்து
கதவு மூடிய பிறகும்
எரிந்துகொண்டிருந்தது.

அன்று முழுதும்
நரம்பு தேடிக் குனிந்த ஒவ்வொரு கட்டிலிலும்
முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தே
இரத்தம் எடுத்தேன்.
இரண்டு பேருக்கு ஊசி தவறியது.

வெள்ளைக்காரர் வேர்த்தால் உடற்பயிற்சி.
நாங்கள் வேர்த்தால்...
சரி, விடுங்கள்.

வினாகிரியில் ஊறவைத்தேன். அப்பச்சோடா, தேசிக்காய்,
இரண்டு முழு வெயில்.
பச்சை வெளுத்தது.
நாற்றம் வெளுக்கவில்லை.

இது பழைய உடுப்புக் கடையில் நாலு டொலர்.
சாம்பல் நிறம். உள்ளே கை விட்டால்
நகத்தின் பிறை தெரியும், அவ்வளவு மெல்லிசு.
பூச்சி அரித்த ஓட்டை இரண்டு:
ஒன்றை யாரோ நீல நூலால் பொத்தியிருந்தார்கள்,
மற்றதற்குள் அலுத்துவிட்டது போல.

குளிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
நவம்பரில் எதுவும் குளிராது.
ரேப்பிட் கிரீக் பாலம் வருமுன்பே
முதுகு தொப்பல்.
கழுத்தோரம் கடித்தது, அதையும் சொல்ல வேண்டும்.
ஆனால் ஒட்டவில்லை.
ஈரப் பிளாஸ்டிக் பைபோல நெஞ்சில் அறையவில்லை.
கடல் சோம்பலாக ஒரு மூச்சு விட்டது,
அதில் பாதி
உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது.

லிஃப்டில் என்னை நானே முகர்ந்தேன்.
ஒன்றுமில்லை.
மறுநாளும் ஒன்றுமில்லை.
துவைக்காத ஐந்தாம் நாள்
தயாபரனின் மூக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.
கண்ணை மூடி யோசித்து,
"பழைய புத்தகம்," என்றார்.

நேற்றுப் பின்னேர ஷிஃப்ட்.
பாதி வழியில், ஒரு மாதமாய் விழுங்கியதையெல்லாம்
வானம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டது.
ஒதுங்க இடமில்லை. ஒதுங்கவும் தோன்றவில்லை.
பாதையில் தவளைகள், என் சில்லுக்கு முன்னால்
யாரோ அள்ளி எறிந்ததுபோல.
ஜேர்சி குடித்துக் குடித்துத்
தொடைவரை தொங்கியது.

பிறகு, கூரைக்குள் வந்து நின்றபோது,
அது விழித்துக்கொண்டது.
கொழுப்பு, வைக்கோல், புழுக்கை,
தெற்கே நான் போயேயிராத ஏதோ வறண்ட வெளியில்
மழைக்கு முதுகு காட்டி நிற்கும்
ஒரு முழு ஆடு.

லிஃப்டில் ஆறு பேர்.
காலி சக்கர நாற்காலியோடு நின்ற கோரி
மூக்கைச் சுளித்தான், இன்னொரு தரம் முகர்ந்தான்.
"ஆர் இங்கே செம்மறியை ஏற்றினது?"

ஐந்து முகங்கள் என் பக்கம் திரும்புமுன்
நான் கையை உயர்த்தினேன்,
முழங்கை நிமிர,
தோள் காதைத் தொட,
நீல நூல் தெரிய,
சொட்டச் சொட்ட.