எடைமேடைச் சீட்டு

கோரிமேட்டில் எங்கள் எடைமேடை.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் லாரிகள்
இருபது வளைவும் முடிந்து
பிரேக் சூடு ஆறுகிற இடம்.
பார வண்டியில் வெறும் வண்டியைக் கழித்தால் சரக்கு.
பதினோரு வருடமாக
இந்த ஒரு கழித்தல்தான் என் உத்தியோகம்.

நான்தெனின் வந்தது மாசி மாதம்.
கினி நாட்டுக்காரி. சுரங்க அலுவலகத்தில் மூன்று வாரப் பயிற்சி.
அவளுக்குப் பிரெஞ்சு, எனக்குத் தமிழ்,
நடுவில்
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத கொஞ்சம் இங்கிலீஷ்.

டயரில் ஒட்டிய செம்மண் கட்டியை
நகத்தால் பெயர்த்து முகர்ந்தாள்.
"இது எங்கள் மலை."
"இல்லைங்க, சேர்வராயன் மலை" என்றேன்.
சிரிக்கவில்லை.

அவள் ஊரில் மலை ரயிலேறும், பிறகு கப்பலேறும்.
திரும்பி வரும்போது அது
ஜன்னல் சட்டம், சோற்றுப் பானை,
அமைச்சரின் கார்க் கதவு.
அங்கேயே உருக்க ஓர் ஆலை வேண்டுமென்று
நான்கு முறை அடிக்கல் நட்டார்களாம்.
நான்கு கல், நான்கு பெயர்.
நான்காவதில்
ஆடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன.
"கல்லாவது உபயோகப்படுதே" என்றேன்.
அதற்குச் சிரித்தாள்.

அப்போதுதான் மாதையன் வண்டி மேடை ஏறியது.
முழுக்க மரவள்ளி.
அவள் ஓடிப்போய்க் கிழங்கொன்றை முறித்தாள்,
பால் கசிவதைப் பார்த்தாள்.
எங்கே போகிறது?
இங்கேதான், ஆத்தூர் ரோட்டில், மில்லுக்கு.
என்னவாகிறது?
மேசை இழுப்பறையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து
ஒரு பிடி ஜவ்வரிசி
அவள் உள்ளங்கையில் கொட்டினேன்.

மாதையன் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:
"சண்டைக் காலத்துல கப்பல் வரல. சீமை ஜவ்வரிசி நின்னுபோச்சு.
நம்மாளுங்க மாவைத் தூளியில போட்டு
ரெண்டு பக்கமும் புடிச்சு ஆட்டுனாங்க.
உருண்டுச்சு. அவ்ளோதான்."
அவ்வளவுதான் இல்லை.
மில்காரர்கள் விலைக்கு அடித்துக்கொண்டது,
சங்கம் வைத்தது, இன்னும் நாறும் ஓடைத் தண்ணீர்,
இதெல்லாம் உண்டு. நான் சொல்லவில்லை.

அவள் வெகுநேரம் கையைப் பார்த்திருந்தாள்.
"எங்களுக்குக் கப்பல் நிற்பதே இல்லை" என்றாள்.

கிளம்புகிற நாளில்
என்னை நிறுக்க முடியுமா என்று மேடையில் ஏறி நின்றாள்.
அறுபது டன் தாங்கும் இயந்திரம்.
எண் அசைவது போலிருந்து, சுழியத்திலேயே நின்றது.
இறங்க மனமில்லாமல் நின்றவளைப் பார்த்து
காரிராமன் ஏறினான், அவனோடு சுமை ஆட்கள் ஆறு பேர்,
டீ வாளியோடு பாக்கியம்,
எதற்கென்று தெரியாமலே மாதையன்.
அறுநூற்று இருபது.
(வாளியைக் கழிக்கவில்லை.)

சீட்டு கேட்டாள்.
சரக்கு என்ற கட்டத்தை நிரப்பாமல்
இயந்திரம் அச்சடிக்காது.
'ஆட்கள்' என்று தட்டினேன்.
முதலாளி என் சம்பளத்தில் எண்பது ரூபாய் பிடித்தார்.

பத்து மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது.
ஏதோ ஒரு ரயில் முற்றம், செம்புழுதி, தகர அறை,
அவளே கோடு போட்ட பேரேடு.
போன எடை. போன இடம்.
மூன்றாவதாக ஒரு பத்தி.
அதன் தலைப்பைத் தமிழில் எழுதியிருந்தாள்,
யாரையோ கேட்டு, எழுத்துகள் கோணலாக:
திரும்பி வந்தது.

கீழே வரிசையாகச் சுழியங்கள்.
ஒரு பக்கம் முழுக்க.
ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதியிருக்கிறாள்,
காகிதம் கிழிகிற அளவுக்கு.

இன்று காலை முதல் லாரிக்குச் சீட்டுப் போட்டுவிட்டு
அளவுகோல் எங்கே வைத்தேனென்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.