பதினாறு டிகிரி

டிசம்பர் இரண்டாவது சனி.
மார்கழி பிறக்க மூன்று நாள் இருக்கிறது.
கோலாலம்பூரில் அது
நாள்காட்டியில் மட்டும் பிறக்கும்.

புடு சாலை ஓட்டல், பதினேழாம் மாடி.
இரண்டு இரவு, காலைப் பசியாறலோடு
முந்நூற்றுத் தொண்ணூறு ரிங்கிட்.
செந்தூலிலிருந்து கால் மணி நேர ரயில்.
பக்கத்து வீட்டு அக்காவிடம்
வெளியூர் போகிறோம் என்று சொல்லியிருந்தேன்.
பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்திருந்தது,
வழியெல்லாம் அதுவே பேசிக்கொண்டு வந்தது.

இந்தக் கட்டடத்துக் குளிர்
தனபாலன் போட்டது.
இரண்டாயிரத்து ஒன்பதில், எட்டு மாதம்
மொட்டை மாடி வெயிலில் நின்று
குழாய் குழாயாய் இறக்கினார்.
ஒரு ராத்திரியும் இதில் படுத்ததில்லை.
எங்கள் வீட்டில் மின்விசிறிதான்,
அதிலும் மூன்றாம் எண் சுற்றாது.

"பதினாறுல வைக்கட்டா?"
"வையுங்க. காசு கட்டியாச்சு."

கேமரன் மலைக்கென்று வாங்கி
கேமரன் மலை பார்க்காத கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை,
பேருந்து நிலையத்தின் கூரை,
கன்னத்தைச் சன்னலில் அழுத்தினால்
இரட்டைக் கோபுரத்தில் ஒன்றரை.

எட்டு மணிக்குப் பேரங்காடி வாசலில் பனி கொட்டினார்கள்.
சவர்க்கார நுரை.
ஒரு சீனப் பையன் நாக்கை நீட்டிப் பிடித்து
முகத்தைச் சுளித்துத் துப்பினான்.
தனபாலனின் வழுக்கையில் ஒரு கொத்து விழுந்தது.
துடைக்கப் போன என் கையைப் பிடித்து
"இருக்கட்டும் சுகுணா" என்றார்.
பத்து நிமிடம் அப்படியே நடந்தார்,
பட்டம் சூட்டியவர்போல.

இரவு இரண்டரை.
படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.
"கேக்குதா?"
எனக்கொன்றும் கேட்கவில்லை.
"மூணாவது மெஷின். பேரிங் தேஞ்சுபோச்சு.
திங்கக்கிழமை தாங்காது."
"ஞாயித்துக்கிழமை நாம போயிடுவோம். படுங்க."
படுத்தார்.
இருட்டில் அவர் கண்கள் விழித்திருப்பது
எனக்குக் கேட்டது.

கீழே போன் செய்தார்.
நேப்பாளத்துப் பையன் ஒருவன் வந்தான், பிகாஷ்.
இருவரும் மேலே போனார்கள்,
ஒருவன் சீருடையில்,
ஒருவர் ஓட்டலின் வெள்ளைக் குளியல் அங்கியில்.

அப்புறம் அறையில் நானும் பதினாறு டிகிரியும்.
கூட்டிவைக்கலாம்தான். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்.
இருபத்திரண்டு வருஷமாக
ஊரார் தூங்க இவர் செய்து அனுப்பியது
எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன்.
முதலில் மூக்கு. பிறகு காதுமடல்.
பிறகு, வைத்த இடத்திலேயே மறந்துவிட்டவைபோல் கால்கள்.

நாலு மணிக்கு வந்தார்.
கிரீசும் மழையும் வேர்வையும் வாசம்.
வெள்ளை அங்கியின் வலக்கை முழங்கைவரை கறுப்பு.
"அவன் ஊர்ல நெஜமான பனியாம்.
எப்படியிருக்கும்னு கேட்டேன்.
பெராட்டுன்னான்.
கனம். கூரையிலேருந்து வழிச்சுப் போடணுமாம்,
இல்லைன்னா வீடு உக்காந்துருமாம்."
அதைச் சொல்லிவிட்டு
கொஞ்ச நேரம் கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தார்.

என் கால்களை அவர் வயிற்றில் வைத்தேன்.
ஐயோ என்று அலறினார், நகரவில்லை.
அங்கி தொலைந்தால், கெட்டால்
நூற்றெண்பது ரிங்கிட் என்று
அலமாரிக்குள் அட்டை தொங்குவதைச் சொல்வதற்குள்
தூங்கிப்போனார்.

நான் விழித்திருந்து காது கொடுத்தேன்.
மூன்றாவது இயந்திரம் எது,
முதலாவது எது, மழை எது.
விடியும்வரை பிரித்துப் பார்த்தேன்.
பிறகு எழுந்து
கட்டைவிரல் பருமன் ஓட்டல் சோப்பால்
அந்த வலக்கையைத் துவைக்கத் தொடங்கினேன்.