ஒரு பத்தி, பர்கூர் வழி

கருத்துப் பத்தி என்பது ஒரு பர்கர் மாதிரி
என்றாள் ஷாஜிதா மிஸ்.
எனக்குக் கேட்டது பர்கூர்.
ரவுண்டானாவில் பஸ் ஏறினால் அரை மணி,
பத்திக்கும் அவ்வளவுதானோ என்று
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி, திங்கள் வியாழன், ஏழு மணி.
மிஸ்ஸுக்கு இருபத்து மூன்று. எனக்கு முப்பத்தெட்டு.
மேலே ஒரு ரொட்டி: என்ன நினைக்கிறாய், ஒரே வாக்கியம்.
நடுவில் மூன்று காரணம்.
கீழே ஒரு ரொட்டி: முதலில் சொன்னதையே
வேறு வார்த்தையில்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பேக்கரியில்
எழுபது ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி
தின்பதற்கு முன் பிரித்துப் பார்த்தேன்.
கீழ் ரொட்டி ஊறிக் கிழிந்திருந்தது.

தலைப்பு, கிராமமா நகரமா எது சிறந்தது.
பக்கத்து பெஞ்சு செல்போன் கடைப் பையன்
பத்தே நிமிஷத்தில் கிராமத்தைக் காப்பாற்றிவிட்டான்:
சுத்தமான காற்று, செகண்ட்லி பசும்பால்.
அவனுக்கு வீடு ஹவுசிங் போர்டில்.
எனக்கு அதில் கருத்தே இல்லை.
இருக்கிற கருத்தை எழுதட்டுமா மிஸ் என்றேன்.
எழுதுங்க, ஆனா ஃபர்ஸ்ட்லி வேணும்.

கூழ் ஃபேக்டரி லேபில் எனக்கு வேலை.
ஜூன் பிறந்தால் கேட்டிலிருந்து மேம்பாலம் வரை லாரி,
எல்லாவற்றிலும் கிளிமூக்கு.
ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பேன்.
வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவேன்,
வண்டி நம்பர்,
பிரிக்ஸ் பதினாலு புள்ளி இரண்டு.
அடுத்த கட்டம் விலை.
அதை எழுத எனக்கு உத்தரவு இல்லை.
சரக்கை இறக்கி, எடை போட்டு,
வண்டி காலியான பிறகு அது
உள்ளேயிருந்து வரும், துண்டுச் சீட்டில்.

மேல் ரொட்டி வைத்தேன்:
ஐ திங்க், இறக்கும் முன்னே விலையை எழுத வேண்டும்.
அந்த ஐ எழுதத்தான் கை கூசியது.
வீட்டில் நமக்கெதுக்கு,
லேபில் சார் சொன்னா சரி,
இதுவரை ஓட்டியது இந்த இரண்டிலேயே.
இது வாக்கியத்தின் வாசலில்
கரண்டு கம்பம் மாதிரி தனியே நிற்கிறது.

முதல் காரணம்: விலை பிடிக்காவிட்டால்
இறக்கியதை மறுபடி ஏற்ற, கூலி யார் தருவது?
இரண்டு: மாங்காய் இன்னொரு ராத்திரி தாங்காது,
அது அவர்களுக்கும் தெரியும்.
மூன்றாவதில் பேனா நின்றது.
வெகுநேரம் கழித்து எழுதினேன்:
போன வருஷம் என் அண்ணன்
போச்சம்பள்ளியிலிருந்து நாலு டன் கொண்டுவந்தான்.
சீட்டைப் பார்த்தான்.
அப்புறம் என்னைப் பார்த்தான்.
பலகையில் அவன் வண்டி நம்பரை எழுதினது நான்.

பத்துக்கு ஆறு.
மூன்றாவது காரணமில்லை, சம்பவம்,
ஃபார் எக்ஸாம்பிள் சேர்த்தால் நிற்கும்.
முடிவு வாக்கியம் எங்கே?
வேறு வார்த்தையில் சொல்ல
தமிழிலேயே எனக்கு இன்னும் கிடைக்கவில்லை மிஸ்.
ஃபார் எக்ஸாம்பிள் சேர்த்தேன்.
அண்ணன் உதாரணமானான்.
இலக்கணப்படி சரி, ஆனால்
அன்று ராத்திரி அவனுக்கு போன் போட்டு
சும்மாதான் பண்ணினேன் என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் வண்டி, பதிமூணு புள்ளி எட்டு.
பக்கத்துக் கட்டம் கறுப்பாக இருந்தது.
என்ன மாதேஸ்வரி, சாக்பீஸும் கையுமா நிக்கிற?
ஒண்ணு சொல்லணும் சார். ஒரே பத்திதான்.
தமிழில்தான் ஆரம்பித்தேன்,
வாயில் முந்திக்கொண்டு வந்தது ஃபர்ஸ்ட்லி.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.
கேக்கலை, என்றார் சார்,
சத்தமாச் சொல்லு.