ரெண்டு நூல்

எங்கள் வீட்டில் எதற்கும் ஆள் கூப்பிடுவதில்லை.
குழாய் ஒழுகினால் தெய்வசிகாமணி.
மிக்ஸி முனகினால் தெய்வசிகாமணி.
மழைக்குக் கதவு ஊதிக்கொண்டால்
லுங்கியை மடித்துக் கட்டி, இழைப்புளியோடு அவரே.
வாரமெல்லாம் கணபதியில் மோட்டார் கம்பெனியில்
காயில் சுற்றுகிற மனுசன்,
ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றுவார்.

"ஒரு வாசர் மாத்தறதுக்கு
எண்ணூறு ரூவா கேக்கறான் அம்மிணி."
அந்த எண்ணூறை மிச்சம் பிடிக்க
உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
மூவாயிரத்து இருநூறுக்கு ஒரு டிரில் மெஷின்.
நான் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதுகிறவள்.
இதையும் எழுதி வைத்திருக்கிறேன்,
பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

அவர் மாட்டிய காலிங்பெல்லை அமுக்கினால்
மச்சு விளக்கும் சேர்ந்து மினுங்கும்.
ஒறம்பரை வந்தால் எங்களுக்கு
அரை நிமிச நோம்பி.

கண்ணாடியும் அவர் மாட்டியதுதான், அவர் உயரத்துக்கு.
பதினோரு வருசமாக அதில் எனக்கு
வகிடு தெரியும், வாய் தெரியாது.
கல்யாணமான புதிதில் ஒருதரம் சொன்னேன்.
அப்புறம் குதிகால் தூக்கிப் பழகிவிட்டேன்.

ஆனி மாசம் ஒரு ஞாயிறு,
யாரும் கேட்காமல்
கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.
"ஒரு சாண் எறக்கிப் போடறேன்."
டிரில் இறங்கியது.
முதலில் வெள்ளைத் தூள் வந்தது,
பிறகு செங்கல் தூள்,
பிறகு சித்தெ ஈரத் தூள்,
பிறகு சிறுவாணி.

போர்த்தண்ணியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.
வாரம் தப்பி வந்து, அன்று காலையில்தான்
டேங்கில் ஏற்றிய தண்ணி.
ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு
"வால்வ மூடு!" என்றார்.

மச்சில் நாலு வால்வு.
என் நகப்பாலிசில் அவர் வைத்த அடையாளப் புள்ளிகளை
வெயில் தின்றிருந்தது.
நாலையும் மூடினேன்.
"நின்னுருச்சா?"
"இல்ல!"
டேங்குக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒன்று வைத்ததை
அவருக்கே ஞாபகம் வர இருபது நிமிசமானது.
அதற்குள் பக்கத்து வீட்டு ரங்கநாயகியக்கா
சுவருக்கு மேல் தலையை நீட்டி,
"ஏனுங்க, எங்க பிளம்பர் நம்பர் வேணுங்களா?"
உள்ளேயிருந்து, சுவரே பேசுகிற மாதிரி:
"வேண்டாமுங்க்கா!"

விரலை எடுத்தபோது
ஊறவைத்துத் தோலுரித்த பாதாம்பருப்பு போலிருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் திட்டவில்லை.
எம்சீல் நாற்பது ரூபாய் என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

மூன்று வாரம் கண்ணாடி தரையிலேயே சாய்ந்திருந்தது.
எங்கள் நாலு கால்கள் மட்டும்
அதில் குடித்தனம் நடத்தின.
அவர் அந்தச் சுவர்ப்பக்கம் போவதைவிட்டார்.
பீரோவுக்குப் பின்னால் டிரில், கோணிப்பையில்.

ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன்.
குழாய் போகிற தடத்தைச் சாக்பீசில் கோடிழுத்து
அதற்கு ஒரு முழம் அக்கட்ட தள்ளி
மெஷினை வைத்தேன்.
யாரும் சொல்லித் தரவில்லை.
பதினோரு வருசம் டார்ச் பிடித்தவளுக்கு
என்ன தெரியாது?
பல் வரைக்கும் அதிர்ந்தது.
தூள் காய்ந்தே வந்தது. கடைசி வரை காய்ந்தே வந்தது.
அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மாட்டி நிமிர்ந்தால்
புருவமெல்லாம் சுண்ணாம்போடு ஒருத்தி,
நெற்றி, மூக்கு,
வாய்.
சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
ரசமட்டத்தை எடுத்து வந்து மேல்விளிம்பில் வைத்தார்.
குமிழி மெல்ல ஒருபக்கம் நகர்ந்தது.
"ரெண்டு நூல் எறக்கம் அம்மிணி."
"இருக்கட்டுங்க."
"கழட்டிச் சரி பண்ணீர்லாமா?"
"இருக்கட்டும்னு சொன்னேன்."

மறுநாள் காலை ஏழரை மணி.
கம்பெனி பஸ்சுக்கு நேரமாகிறது.
முழங்காலை மடித்து, கழுத்தைச் சாய்த்து,
தனக்கு எட்டாத கண்ணாடியில் அவர்
வகிடு தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்றேன்,
"ஆளு கூப்புடட்டுங்களா?"