பளபளப்பு எந்தப் பக்கம்

ஃபஹாஹீல் கடைத்தெருவில்
ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில்
குஞ்ஞம்மதுக்காவின் கடை.
"ஹீட்டருக்குப் பின்னாடி வைக்கவா, ஜன்னலுக்கா?"
"ரெண்டுக்கும்" என்றேன்.
அவர் பெலிக்ஸைப் பார்த்தார்,
பேரம் பேசப்போவது யாரென்று தெரிந்துகொள்ள.

மூன்று சுருள்களை மேசைமேல் போட்டார்.
ஒன்று பிரியாணி பொட்டலத் தாள்போலத்
தொட்டாலே சலசலத்தது.
ஒன்றின் வயிறு முழுக்கக் காற்றுக் கொப்புளம்.
நுரைமுதுகு கொண்ட மூன்றாவதை
விலை கேட்டதும் கீழே வைத்தோம்.
கன்னத்தருகே பிடித்துப் பார்த்தேன்,
என் சூடு என்னிடம் திரும்புகிறதா என்று.
கொப்புளத் தாளில் திரும்பியது.
மீட்டர் எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.
பெலிக்ஸ் ஒரு கொப்புளத்தை நசுக்கினான்.
"அதுக்கும் சேத்துத்தான் காசு" என்றார்.

"சுவத்துல அப்பி ஒட்டாதீங்க.
நடுவுல விரல்கிடை விடணும், காத்து நிக்கணும்.
ஒட்டிக் கிடந்தா ஒரு பிரயோசனமும் இல்ல."
பெலிக்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. டேப் எவ்வளவு என்று கேட்டேன்.

மஹ்பூலாவில் ஒன்பதாவது மாடி.
பதினோரு தகடு எண்ணெய் ஹீட்டர்,
அதன் பின்னால் முன்குடித்தனம் விட்டுப்போன
தேநீர் நிறக் கறை.
ஒரு மாதமாய் நாங்கள் மின்சாரம் கட்டிச் சூடாக்கியது
வெளிச்சுவரையும்
அதில் முதுகு சாய்த்திருந்த புறாக்களையும்தான்.
தாளை நிறுத்திய ராத்திரி
முதல்முறையாக நான் சாக்ஸைக் கழற்றினேன்.
காலையில் புறாக்கள் வேறு ஃபிளாட்டின்
ஏசிப் பெட்டிமேல் இருந்தன.

ஏப்ரலில் அதே தாள் மேற்கு ஜன்னலுக்குப் போனது.
பளபளப்பு உள்பக்கமா, வெளிப்பக்கமா?
பாதி மதியம் அதிலேயே சண்டை.
"குளிருக்கு நம்மைப் பாத்தாப்ல வச்சோமே,
வெயிலுக்கு வெயிலைப் பாத்துத்தான் வைக்கணும்."
அவன் சொன்னது சரி. ஒப்புக்கொள்ளாமல்
மறுமுனையைப் பிடித்தேன்.

நாலு மணிக்கு அறை இருண்டு குளிர்ந்தது.
ஓரம் விலக்கிப் பார்க்கையில்
எதிர்க்கட்டட நாலாம் மாடியில்
பள்ளிச் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தவள்
முழங்கையால் முகத்தை மறைத்து
எங்கள் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தாள்.
நாங்கள் வேண்டாமென்ற வெயில்
ஜன்னல் அளவு சதுரமாய் வெட்டி
அவள் பால்கனியில் விரித்ததுபோல் கிடந்தது.
மறுநாள் அங்கே ஒரு கறுப்புப் போர்வை தொங்கியது.
அந்தச் சூட்டில், கறுப்பு.

"தாளை எடுத்துடலாம்" என்றேன்.
"எடுத்துட்டு?" என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பிறகு கீழ் ஓரத்தை நாலு விரல் உள்ளே இழுத்து
அட்டை ஒன்றைச் செருகினேன்.
அவன் ஜன்னலோரம் நின்று சொல்லச் சொல்ல
வெளிச்சம் மெல்ல மாடி இறங்கி
ரெண்டாம் தளத்தில் ஆளில்லாத ஃபிளாட்டின்
'வாடகைக்கு' பலகையில் நின்றது.
போர்வை மூன்றாம் நாள் உள்ளே போனது.
சட்டைகள் திரும்பி வந்தன.

மே பிறந்து ஒரு வாரம்.
இன்று பார்த்தேன், பலகையைக் காணோம்.
கம்பியில் சின்னதாய் ஒரு துண்டு காய்கிறது.
அலமாரிமேல் இருந்து
டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.
பெலிக்ஸ் வரட்டும்.