இன்னொரு ஷூ

சாம்பிள் எப்போதும் ஒற்றையாகத்தான் போகும்.
இடது கால், அளவு நாற்பத்திரண்டு.
ஜோடியாய்ப் போனால் வழியில் எவனாவது
மாட்டிக்கொண்டு நடந்துவிடுவான் என்பார்
கூரியர் எடுக்க வரும் முனவ்வர்.

செவ்வாய் மதியம் நார்தாம்டனிலிருந்து மெயில்:
"இங்கே எல்லாரும்
இன்னொரு ஷூ விழக் காத்திருக்கிறோம்."

வலது காலையும் கேட்டுவிட்டார்கள்,
ஆர்டர் நமக்குத்தான் என்று
கட்டிங் செக்‌ஷனுக்கு ஓடினேன்.
"இன்னாத்துக்கு இம்மா அவசரம்,
லைனிங் ஒட்டினதே இன்னும் ஈரமா கீது"
என்றார் யேசுபாதம்.
என்றாலும் ஆறு மணிக்குள் பிறந்துவிட்டது
வலது கால்.
கூரியருக்கு இரண்டாயிரத்து நானூறு.
கையெழுத்து என்னுடையது.

சென்னை ஏஜென்ட் ஆபீஸ் ஷம்ஷாத்
போனில் சிரித்து முடிக்க நேரமாயிற்று.
அது அமெரிக்கக் கதையாம்.
மாடிமேல் மாடி, மெல்லிசுத் தளம்.
மேல்வீட்டுக்காரன் நடு ராத்திரி வந்து
ஒரு ஷூவைக் கழற்றித் தொப்பென்று போடுவான்.
கீழே படுத்தவனுக்குத் தூக்கம் போய்விடும்.
அடுத்தது விழுந்தால்தான் கண்ணை மூடலாம்.
"அதாவது, அடுத்த கெட்ட சேதி
எப்ப வரும்னு உக்காந்திருக்காங்க."

அப்படியென்றால் முதல் ஷூ
எப்போது விழுந்தது ஷம்ஷாத்?

பழைய மெயில்களைத் திறந்தேன்.
ஜனவரியில், "இந்த சீசனை
ஷூ நாடாவில் ஓட்டுகிறோம்."
நான் நாடா ஷேட் கார்டு அனுப்பியிருக்கிறேன்,
பதினொரு பழுப்பு.
மார்ச்சில், "எங்கள் ஷூவில்
நின்று பாருங்கள்."
"ஃபிட்டிங் நன்றாக இருக்கும் சார்"
என்று பதில்.

நம் வாயில் செருப்பு வந்தால்
யாரையாவது அடிக்கத்தான் வரும்.
அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு
அழவும் செய்வார்கள் என்று
பி.காம். மூன்று வருஷத்தில்
யாரும் சொல்லவில்லை.
ஆம்பூரில் பிறந்தவள் நான்,
தோல் நாற்றத்தில் சோறு தின்றவள்.

வெள்ளிக்கிழமை வந்த மெயிலில்
மரபுத்தொடர் ஒன்றுகூட இல்லை.
ஆறாயிரம் ஜோடி ரத்து.
அகராதி தேவைப்படாத இங்கிலீஷ்.
ஐந்தாம் வகுப்போடு நின்ற யேசுபாதம்
என் தோளுக்குப் பின்னால் நின்று
எண்ணை மட்டும் படித்தார்.
கத்தியைத் துடைத்து
உறையில் வைத்தார்.

சோமலாபுரத்தில் என் வீட்டுக்கு மேல்
லாஸ்டிங் செக்‌ஷன் எட்வின் குடியிருக்கிறான்.
செகண்ட் ஷிப்ட் விட்டு வரும்போது
பன்னிரண்டரை.
இன்றைக்கும் வந்தான். கதவு, குழாய்த் தண்ணீர்,
கட்டில் கிரீச்சிட்டது.

தொப்.

ஃபேனைப் பார்த்தபடி கிடக்கிறேன்.
ஒன்றரைக்கு ஜோலார்பேட்டைப் பக்கம்
கூட்ஸ் ஒன்று போய்த் தேய்ந்தது.
மேலே இன்னும் சத்தமில்லை.